ஆற்றுப்படுத்துநர் கல்வியும் மதுரையின் பேச்சும்



மனத் துயருற்று வருவோர் அருகே அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு, அத்துயரை அவரே கடந்து செல்லத் துணைநிற்கும் பணிக்குத் தமிழகத்தில் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்று பெயர் வழங்குகிறது. மருத்துவமனைப் பலகைகளில் அப்பணியாளர் ‘மனநல ஆலோசகர்’ எனப்படுகிறார். யாழ்ப்பாணத்தில் ‘உளவளத்துணையாளர்’ என்பர். இவற்றுள் முதற்பெயரே பொருள் நிறைந்தது. அது பிறந்தது வழி எனப் பொருள்படும் ‘ஆறு’ என்னும் சொல்லிலிருந்து. ஆயினும், தணித்தல் எனப் பொருள்படும் ‘ஆற்றுதல்’ என்பதும் கேட்போர் செவியில் உடன் ஒலிக்கிறது.

பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள் உள. முருகனிடம் வழிப்படுத்தும் ஒன்று நீங்கலாக, ஏனைய நான்கிலும் பேசுபவன் பரிசில் பெற்று மீளும் ஒரு கலைஞன். கேட்பவன் வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞன். வழி சொல்பவன் அவ்வழியே நடந்து வந்தவன் என்பதே அவ்வகைப் பாட்டின் உயிர்நிலை. எந்த நிலத்தில் எம்மக்கள் வாழ்வர், அவர் என்ன உணவு தருவர், எந்த இடத்தை இரவில் கடத்தலாகாது என்பன அவனுக்குத் தெரியும். மலைபடுகடாம் வழியின் இடர்களை எத்துணை விரிவாகச் சொல்கிறது என்பதைக் கற்றோர் அறிவர். இன்று முதுகலை வகுப்புகளில் பயின்று இப்பணிக்கு வரும் இளைஞர்க்கு எந்த நிலத்தின் வழி கற்பிக்கப்படுகிறது என்று கேட்பது, ஆதலின், இலக்கிய வட்டத்துக்குப் புறம்பான கேள்வி அன்று.

முதலில் சட்டநிலையைச் சுருக்கமாகக் காண்பது நலம். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் 1992ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவ உளவியலாளரைத் தன் பதிவேட்டில் கொண்டது. அதற்குரிய ஈராண்டு ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற இடங்கள் மிகச் சில. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வியல் நிறைஞர் பட்டத்தையே நீக்கிய பின்னர், மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்களிக்கப்பட்டது. மருத்துவ உளவியலாளர் அல்லாத ஏனைய ஆற்றுப்படுத்துநர் பலர்க்கு நெடுங்காலம் எச்சட்டமும் இல்லை. யாரும் பெயர்ப்பலகை மாட்டலாம் என்பதே நிலை. துணைநிலை மருத்துவத் தொழிலர்க்கான தேசிய ஆணையச் சட்டம் 2021இல் வந்த பின்னரே, எச்.ஐ.வி. ஆலோசகர், குடும்பநல ஆலோசகர் ஆகியோர் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தனர். அச்சட்டத்தின் வழியே, 2025ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் உளவியலை அஞ்சல்வழியிலும் இணையவழியிலும் கற்பிக்கலாகாது என்று மானியக் குழு ஆணையிட்டது. ஒரு மனிதரின் முகத்தைக்கூடப் பாராமல் இப்படிப்பை முடித்துவிடலாம் என்றிருந்த காலம் அவ்வாறு முடிந்தது. தாமதமாயினும் நல்ல முடிவே.

மதுரைக்கு இத்துறையில் வேர் உண்டு. 1960இல் தோன்றிய மதுரை சமூக அறிவியல் கல்லூரி சமூகப்பணி முதுகலையைப் பல தலைமுறைகளுக்குக் கற்பித்திருக்கிறது. மனநல மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் 1992இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை, மனநோயுற்றோர் மறுவாழ்வோடு பயிற்சியையும் தன் பணியாகக் கொண்டது. 1997இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் பின்னர் மதுரைக்கும் இராமநாதபுரத்துக்கும் வந்தது. ஆகவே ஆளும் உண்டு, கட்டடமும் உண்டு. குறை வேறோரிடத்தில் உள்ளது.

மேலூர்ப் பக்கத்திலிருந்து அரசு இராசாசி மருத்துவமனைக்கு ஒரு நடுவயதுப் பெண் வருகிறாள் எனக் கொள்க. கணவன் இறந்து மூன்று திங்கள் ஆகின்றன. எதிரே முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. “மேலுக்கு முடியலை தாயி. நெஞ்சுக்குள்ள யாரோ ஏறி அமுக்குற மாதிரி இருக்கு. அவுக கண்ணுக்குள்ளயே நிக்கிறாக. ராத்திரியில கூப்பிடுறாக” என்கிறாள் அவள். மாணவியின் கையில் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த வினாநிரல். “குரல் கேட்கிறதா?” என்று அவள் கேட்கிறாள். “கேக்குது.” “உருவம் தெரிகிறதா?” “தெரியுது.” இரு கட்டங்களில் குறி விழுகிறது. துயரத்தில் இருக்கும் ஒரு கைம்பெண், தாளில் கடும் மனநோயாளி ஆகிறாள்.

‘கண்ணுக்குள்ள நிக்கிறாக’ என்பது மறவாமையைக் குறிக்கும் மரபுத்தொடர் என்று அம்மாணவிக்குத் தெரியாதா? தெரியும். அவளுடைய அப்பத்தாவும் அப்படித்தான் பேசியிருப்பாள். வகுப்பறை ஈராண்டுகளில் அவளுக்குச் செய்தது, தன் வீட்டுத் தமிழைக் கல்லூரி வாயிலில் விட்டுவிட்டு வரச் செய்ததுதான். உண்மையில், இறந்தவர் குரலைக் கேட்பதும் அவர் அருகிருப்பதாய் உணர்வதும் தமிழ் மகளிர்க்கு மட்டும் உரியன அல்ல. வேல்ஸ் நாட்டு மருத்துவர் டூயி ரீஸ் துணையிழந்த 293 ஆடவர் பெண்டிரை நேரிற் கண்டு 1971இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப்பேர் அவ்வாறு உணர்ந்ததாகச் சொன்னார்கள். பாடநூலில் இது இருக்கலாம். பாடநூலின் செய்தியையும் மேலூர்ப் பெண்ணின் சொல்லையும் இணைக்கும் பயிற்சிதான் இல்லை.

இன்னொரு சொல்லைக் காண்க. மதுரையைச் சூழ்ந்த சமவெளி ஊர்களில் ‘மருந்து’ என்றால் பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தும் ஆகும். ‘மருந்தைக் குடிச்சிட்டான்’ என்றால் நஞ்சுண்டான் என்றே பொருள். மருத்துவமனையில் அதே சொல் உயிர்காப்பது. “வீட்டில மருந்து இருக்கு, பாத்துக்கிறேன்” என்று தலைகுனிந்து ஒருவர் சொல்லும்போது, கேட்பவர் எந்த மருந்து என்று நின்று கேட்க வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்று வெளிப்படையாகக் கேட்பதனால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை என்பது உலகெங்கும் இத்துறையினர் ஏற்ற முடிபு. ஆனால் எப்படிக் கேட்பது? ‘தற்கொலை எண்ணங்கள் தோன்றுகின்றனவா?’ என்பது தேர்வுத்தாளின் தமிழ். ‘போய்ச் சேந்துரலாம்னு இருக்கா? மருந்து கிருந்துன்னு நினைப்பு ஓடுதா?’ என்பது ஒரு மனிதர் மற்றொருவரைக் கேட்கும் தமிழ். சலிப்பில் நாள்தோறும் ‘செத்துத் தொலைக்கலாம்’ என்று சொல்லும் பாட்டியையும், ‘எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணிட்டேன்’ என்று அமைதியாகச் சொல்லும் கடன்பட்ட உழவனையும் பிரித்தறிவது காதின் வேலை. அக்காதை உருவாக்குவதே முதுகலைக் கல்வியின் தலையாய கடமை.

கலைச்சொற்களும் இங்கே எண்ணத்தக்கன. நாளிதழ்களில் ‘மன அழுத்தம்’ என்னும் ஒரே தொடர், அன்றாட நெருக்கடியையும் குறிக்கிறது. மருந்து வேண்டப்படும் கடும் மனச்சோர்வையும் குறிக்கிறது. ‘மனச்சிதைவு’ என்று ஒரு தாயிடம் சொன்னால், மகனின் மனம் சிதைந்து போயிற்று, இனி ஒட்டாது என்றே அவள் கொள்கிறாள். அச்சொல்லை ஆக்கிய அறிஞர் அதனை எழுத்தில் எண்ணிப் பார்த்தார். அது ஒரு வீட்டுத் திண்ணையில் எப்படி விழும் என்று எண்ணவில்லை.

மேலும், மதுரையின் பேச்சு ஒன்றன்று. மகாலைச் சுற்றிய தெருக்களில் சௌராஷ்டிரம் பேசுவோர், காசிமார் தெருவில் உருதும் தமிழும் கலந்த வீடுகள், கரிசலிலிருந்து வந்த தெலுங்குக் குடும்பங்கள், பெரியாற்றுக் கால்வாய் பாயும் மேலூர்ப் பகுதி, மழையை நோக்கிய உசிலம்பட்டிப் பகுதி, ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் திருவாதவூரிலும் உள்ள ஈழத்தமிழர் முகாம்கள் என விரிவது இந்நிலம். சௌராஷ்டிர மூதாட்டி கடையில் தமிழ் பேசுவாள்; அழும்போது தாய்மொழியில் அழுவாள். மருமகள் மொழிபெயர்த்துச் சொன்னால், மாமியாரின் குறையில் மருமகளைப் பற்றிய பகுதி காணாமற் போவது இயல்பே.

ஆங்கிலப் பாடநூல் காட்டும் அறையில் இரண்டு நாற்காலிகள் இருக்கும். மதுரையிலோ நோயர் தனியே வருவதில்லை. தாயும் தமையனும், சிலபோது ஊரில் பெரியவர் ஒருவரும் உடன் வருவர். கேள்வி மகளிடம் கேட்கப்படும். விடை தாயிடமிருந்து வரும். அத்தாயை மனம் நோகாமல் வெளியே அமரச் செய்வது ஒரு கலை. அதற்கு எப்பல்கலைக்கழகமும் மதிப்பெண் தருவதில்லை. வருபவர் இருபத்து மூன்று வயதுப் பெண்ணைத் ‘தாயி’ என்றும், இளைஞனைச் ‘சாமி’ என்றும் அழைப்பர். தொழில் எல்லையைக் காக்க அம்முறையைத் தவிர்க்கும்படி நூல் கூறும். தவிர்த்தால் எதிரே இருப்பவர் வாய் மூடிக்கொள்கிறார். ஏற்றால், ‘எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி, நீயே அவளுக்குப் புத்தி சொல்லு’ என்னும் உரிமை தொடர்ந்து வருகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதற்கு, அனுபவமிக்கவர் உடனிருந்து காட்டுவது தவிர வேறு வழியில்லை.

இச்சிக்கல் தமிழர்க்குப் புதிதன்று. அகப்பாட்டில் மகள் மெலிகிறாள். தாய் வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கிறாள். நோயின் காரணம் தோழிக்கு மட்டுமே தெரியும். சொன்னால் தலைவி துன்புறலாம். சொல்லாவிடின் வேறொருவனுக்கு மணம் பேசிவிடுவர். அந்நெருக்கடியில் செவிலிக்கு உண்மையை வெளிப்படுத்தும் முறையே அறத்தொடு நிற்றல். அதற்கு ஏழு வகை வகுக்கிறது தொல்காப்பியம். நேரே உண்மை செப்புதல் அவற்றுள் இறுதியில் வருகிறது. எதை மறைப்பது, எதை எப்போது யாரிடம் எச்சொல்லால் வெளியிடுவது என்பது இன்று இத்துறையினரின் ஒழுக்கவிதிகளில் தனி இயல். அதனைக் கற்பிக்கும் ஆசிரியர் தோழியின் பெயரை ஒருமுறையேனும் சொல்லலாம். சொன்னால் தமிழ் மாணவர்க்கு உடனே விளங்கும்.

இது வெறும் இலக்கிய ஒப்புமை அன்று என்பதற்கு ஒரு வழக்கே சான்று. ஒருவரையொருவர் விரும்பிய மதுரை இளம்பெண்கள் இருவர், பெற்றோர் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னை சென்றனர். அவர்கள் பாதுகாப்பு வேண்டிய வழக்கைச் சென்னை உயர்நீதிமன்ற நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்தார். பெண்களையும் பெற்றோரையும் உளவியலாளர் ஒருவரிடம் அனுப்பினார். பின்னர், இப்பொருளில் தமக்கே போதிய தெளிவு இல்லை என்று வெளிப்படையாக எழுதி, தாமும் அவ்வுளவியலாளர்முன் மாணவராக அமர்ந்தார். 2021 ஜூன் 7ஆம் நாள் ஆணையில், இத்தகையோரின் பாலீர்ப்பை ‘மாற்றிக் குணப்படுத்த’ முயல்வதைத் தடைசெய்தார். அத்தடை வேண்டப்பட்டது ஏன்? வெறியாட்டு வேலன் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. சில இடங்களில் அவன் பட்டச் சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொண்டு அமர்ந்திருந்தான். பெற்றோர் பிள்ளைகளை அவனிடம் அழைத்துச் சென்றனர். அவ்வழக்கின் தொடர்ச்சியாக, இம்மக்களைக் குறிக்கும் மதிப்பான தமிழ்ச்சொற்களை அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. சொல் இல்லாதவிடத்தில் வசைச்சொல்லே பெயராகிவிடுகிறது என்பதை நீதிமன்றம் உணர்ந்திருந்தது.

சாதியும் இவ்வறைக்குள் வரும். உசிலம்பட்டி வட்டாரத்தில் 2014இல், சாதி மாறி மணந்த இளம்பெண் ஒருத்தியின் உயிர் போனது. அவ்வழக்கில் உயர்நீதிமன்றம் 2016 ஏப்ரலில் இட்ட ஆணை, கலப்புமணத் தம்பதியரைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்கச் சொன்னது. பெற்றோர்க்கு ஆற்றுப்படுத்தல் அளிக்கவும் சொன்னது. அப்பெற்றோர்முன் யார் அமர்வது? முதல் வினாவே ‘நீங்க எந்த ஊரு, யாரு வீடு?’ என்பதாக இருக்கும். அது உண்மையில் சாதியைக் கேட்கும் வினா. விடை எதுவாயினும் ஒரு பக்கத்தின் நம்பிக்கை போகும். பாடத்திட்டம் ‘பன்முகப் பண்பாடு’ என்னும் தலைப்பில் அமெரிக்க வெள்ளையர், கறுப்பினத்தவர் உறவைப் பற்றி ஓர் அலகு வைத்திருக்கலாம். அங்கே டெரால்ட் விங் சூ முதலியோர் 1992இல், பிற பண்பாட்டினர்க்குப் பணிசெய்ய வருபவர் முதலில் தன் சொந்தச் சாய்வுகளை அறிய வேண்டும் என்று வரையறுத்தது உலகம் போற்றும் பணி. அவ்வரையறையை மதுரையில் நடத்துவதாயின், மாணவர் தம் தெருவையும் தம் சாதியையும் தம் வீட்டுத் தனிக்குவளையையும் பற்றி எழுதித் தொடங்க வேண்டும். அந்த அலகை அப்படி நடத்தத் துணிவு வேண்டும்.

இனிக் கோயிலும் தர்காவும். மதுரையில் பாண்டி கோயிலுக்கும் கோரிப்பாளையத்துக்கும் போய்விட்டுத்தான் பலர் மருத்துவமனைக்கு வருகின்றனர். வந்த பின்னும் அங்கே போகின்றனர். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில், தர்காவை அண்டி நடந்த தனியார் காப்பகமொன்றில் தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். வழிபாட்டைச் சார்ந்து வாழும் வணிகம் எதுவரை போகும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அதற்கு மறுதலையும் உண்டு. ஆர். இரகுராம் முதலிய ஆய்வாளர், தமிழகத்தில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினர். மருந்தின்றி, அன்பான சூழலில் தங்கிய அவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. இவ்விரு செய்திகளையும் ஒருசேர மனத்தில் வைக்கத் தெரிந்தவரே இந்நிலத்தில் ஆற்றுப்படுத்துநர் ஆகத் தக்கவர். ‘பேய் என்பது மூடநம்பிக்கை’ என்று முதல் நாளே சொல்லி அனுப்பினால், அக்குடும்பம் திரும்பி வராது. சங்கிலியைக் கண்டும் ‘அவர்கள் பண்பாடு’ என்று ஒதுங்குவது அதனினும் கேடு.

தமிழில் இக்கல்வி இயலுமா என்று ஐயுறுவோர் யாழ்ப்பாணத்தைக் காண்க. போர் நடந்த காலத்திலேயே உளமருத்துவர் தயா சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியோரும் ஊர்ப் பணியாளர்க்குத் தமிழிலேயே பயிற்சியளித்தனர். சோமசுந்தரமும் சிவயோகனும் ஆக்கிய ‘தமிழ்ச் சமுதாயத்தில் உளநலம்’ என்னும் கைந்நூல் அப்பணியின் பயன். மனத்தைத் தளர்த்தும் பயிற்சிக்குச் சைவர்க்கு மந்திரமும், கத்தோலிக்கர்க்குச் செபமாலையும், இசுலாமியர்க்குத் திக்ரும் அவர்கள் பயன்கொண்டனர். நூலகமும் மின்சாரமும் இல்லாத இடத்தில் இயன்றது, மூன்று தலைமுறைக் கல்லூரிகள் உள்ள மதுரையில் இயலாது என்பதற்குக் காரணம் காட்ட வேண்டியவர் கல்லூரியினரே.

பயிற்சி நேரமும் பேசப்பட வேண்டும். அமெரிக்காவில் இக்கல்விக்கு ஏற்பளிக்கும் அமைப்பு, முதுகலை மாணவர் மேற்பார்வையின்கீழ் முதலில் 100 மணியும் பின்னர் 600 மணியும் களத்தில் பணிசெய்ய வேண்டும் என்கிறது. அதில் ஒரு பகுதி துயருற்றோருடன் நேரே அமர்ந்ததாக இருத்தல் வேண்டும். இங்கே களப்பணி என்பது பல இடங்களில் ஒரு கையொப்பத்தோடு முடிகிறது. அமர்வு தமிழில் நடக்கிறது. அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. ‘உசுரே இல்லாம இருக்கு’ என்றவர் அறிக்கையில் ஆங்கிலச் சோர்வாளர் ஆகிவிடுகிறார். மேற்பார்வையாளர் திருத்துவது அந்த ஆங்கிலத்தையே. அவர் அந்தத் தமிழைக் கேட்கவே இல்லை. அறிக்கையில் வந்தவரின் சொற்கள் அவர் சொன்னபடியே தமிழில் இருத்தல் வேண்டும், அதன்மீதே மேற்பார்வை நடைபெறல் வேண்டும் என்னும் ஒரே விதியைப் பாடக்குழுக்கள் ஏற்றாலும் பாதி குறை தீரும். அதற்குப் பணம் தேவையில்லை.

மறுபாதிக்கு ஒரு நூல் தேவை. மதுரை வட்டாரத்தில் உடல்நோவையும் மனநோவையும் குறிக்கும் சொற்களின் கோவை அது. மேலுக்கு முடியாமை, நெஞ்சடைப்பு, காத்துக்கருப்பு, வெறுத்துப்போதல், கிறுகிறுப்பு, மருந்து என ஒவ்வொரு சொல்லும் எந்த ஊரில், எந்த வயதினரால், ஆண் பெண் யாரால், எப்பொருளில் சொல்லப்படுகிறது என்று அதில் பதிய வேண்டும். சௌராஷ்டிரமும் உருதும் தெலுங்கும் தெரிந்தோர் அவ்வம்மொழிக்குரிய பகுதியைத் தனியே தொகுக்கலாம். இதனை உளவியல் துறை தனித்துச் செய்ய இயலாது. வட்டார வழக்கில் எழுதியும் படித்தும் பழகிய செவிகள் வேண்டும். பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிச் சொல்லாராய்ச்சி செய்துவரும் இவ்வட்டத்தில் மேலூராரும் உசிலம்பட்டியாரும் மகால் வட்டாரத்தாரும் இருக்கின்றனர். முதற்கட்டமாக இருநூறு சொற்கள் போதும். அவற்றை இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பயிற்சிக்கு வரும் மாணவரிடம் ஓராண்டு கொடுத்துப் பார்த்து, அவர்கள் குறித்துவரும் திருத்தங்களோடு அச்சிடலாம்.